மூடியை மட்டும் விற்றால் என்னவாம்?

"பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை எல்லாம் தூக்கி எறி, கண்ணாடிக்கு மாறு" என்று சொந்தக்காரர் இன்னும் ஒருவர் எனக்கு வகுப்பெடுத்தால், எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஏறி நின்று கத்தப் போகிறேன். சரி, மாறியாச்சு. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மூடி எதில் செய்திருக்கிறான்? பிளாஸ்டிக்கில்தானே!

பெட்டிக்கு ஆயுசு கெட்டி. மூடிக்குத்தான் இல்லை. நாலு பக்கக் கிளிப்பில் ஒன்று ஒடிந்தால் போதும், கதை முடிந்தது. பெரும்பாலும் அது பொலிப்புரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஃப்ரீசர் குளிரில் விறைத்துப் போகும். காலை அவசரத்தில் வெளியே எடுத்தவுடன் கிளிப்பை இழுத்தால் 'டக்'. அப்புறம் சூரைக்கறி மணம் ஃப்ரிட்ஜ் முழுக்க. பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த வட்டிலப்பமும் மீன் மணக்கும்.

மூடி மட்டும் கேட்டுக் காத்தான்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "தனியா மூடி வராது தங்கச்சி, செட்டா எடுங்க." எனக்கு எதுக்கு இன்னொரு செட்? மூடியில்லாத பெட்டிகள் வீட்டு ராக்கையில் ஏற்கெனவே அடுக்கி நிற்கின்றன!

மூடிக்குள் இருக்கிற சிலிக்கன் வளையம் இன்னொரு வயிற்றெரிச்சல். மாரி தொடங்கினால் அந்தப் பள்ளத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஊசியால் நெம்பி எடுத்து, கழுவி, காயவைத்துத் திரும்பப் போட்டால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். விளம்பரத்தில் இதைக் காட்டுவார்களா?

உடனே நான் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். மஞ்சள் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும், எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அசையாது. முற்றத்து வெயிலில் காயவைத்தால்தான் கொஞ்சம் வெளுக்கும். அதைவிட எரிச்சல், மேலே ஒட்டியிருக்கும் 'பிபிஏ இல்லை' என்ற பெருமை. பிபிஏ என்றால் உடம்புக்கு ஆகாது என்று பேசப்படுகிற ஒரு இரசாயனம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 5, அதாவது பொலிப்புரோப்பிலீன். பிபிஏ சேர்த்துச் செய்வது பொலிகாபனேற் என்கிற வேறொரு பிளாஸ்டிக்கை. இதில் அது எப்போது இருந்தது, இப்போது இல்லை என்று சொல்ல? பருப்புக் கறியில் மீன்முள் இல்லை என்று விற்கிற மாதிரி இருக்கிறது.

ஜாம் போத்தலைக் கழுவி வைக்கலாமே என்கிறார் மாமி. வைத்தேனே! கடற்காற்றில் அந்தத் தகர மூடி துருப்பிடித்து, மிளகாய்த்தூளுக்குள் துரு உதிர்கிறது. (நம்மூர்த் தயிர்ச் சட்டிக்காரர் வாயில் தாளைப் போட்டு நூலால் கட்டிக் கொடுத்துவிடுகிறார். ஒடிவதற்குக் கிளிப்பே இல்லை.)

பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் தனியாக வாங்கலாம், விசில் தனியாக வாங்கலாம். பத்து வருடத்துக்கு முந்திய குக்கரையும் அப்படித்தான் ஓட்டுகிறோம். நல்ல கண்ணாடிப் பெட்டியை மட்டும் ஒரு கிளிப்புக்காகக் குப்பையில் போட வேண்டுமாம். மூடியை அளவு வாரியாகக் கடையில் தொங்கவிடுங்களேன். பேரம்கூடப் பேசாமல் காசைத் தருகிறேன்!