வலது தடம் முந்துவதற்கு மட்டுமே

திண்டிவனத்தைத் தாண்டித் திருச்சி நோக்கிச் செல்லும் நான்கு வழிச்சாலையில் அன்றாடம் காணும் காட்சி இது: இடது தடம் காலியாகக் கிடக்க, மீடியனை ஒட்டிய வலது தடத்தில் ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் விலகாமல் போய்க்கொண்டிருக்கும்; பின்னால் வருபவர் விளக்கடித்து, ஹாரன் அடித்து, பொறுமையிழந்து இடப்பக்கமாக ஏறிச் செல்வார். "நான் அளவான வேகத்தில்தானே போகிறேன், அவசரப்படுபவர் ஒதுங்கிப் போகட்டும்" என்று வாதிடுபவர்கள் உண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. வேக வரம்புக்குள் ஓட்டுகிறோம் என்பதற்காக, முந்தி முடித்ததும் இடது தடத்துக்குத் திரும்பும் கடமை நீங்கிவிடாது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். உயரமான லாரியின் இடப்பக்கத்தை, குறிப்பாகக் கேபினை ஒட்டி வரும் பைக்கையோ காரையோ, அவர் பார்க்காமலே போகக்கூடும். பழுதான லாரிகள் இரவில் பார்க்கிங் விளக்குகூட இல்லாமல் நிற்பதும், இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வருவதும் அதே இடது ஓரத்தில்தான். முன்னே செல்லும் வண்டி பார்வையை மறைத்திருப்பதால், இடப்பக்கம் பாய்பவருக்கு நிற்கும் லாரியின் பின்புறம் கடைசி நொடியில்தான் தெரிகிறது. வலது தடத்தை அடைத்துக்கொண்டு போனவருக்கு அந்த விபத்தில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

லாரி ஓட்டுநர்கள் வலது தடத்தை விரும்புவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பாரம் ஏறி ஏறிப் பள்ளம் விழுந்த இடது தடத்தையும், பெட்ரோல் பங்கிலிருந்து திடீரென நுழையும் வண்டிகளையும் அவர்கள் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் 60 கிலோமீட்டரில் செல்லும் லாரியை 65-இல் செல்லும் லாரி முந்த முயன்றால், இடைவெளியும் சேர்த்து 60 மீட்டர் முன்னேற முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் இரு தடங்களும் அடைபட்டுவிடும். வேக வித்தியாசம் அவ்வளவு குறைவென்றால் முந்தாமலிருப்பதே முறை. காரில் செல்பவரோ, முந்திய வண்டியின் முகப்பு முழுவதும் உட்புறக் கண்ணாடியில் தெரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் வந்துவிடலாம்.

2019 திருத்தத்தில் சேர்ந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவு, ஓட்டுதல் விதிகளை மீறுவோருக்கு ரூ.500 முதல் ரூ.1,000 வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. வேகத்துக்குக் கேமரா வைக்கும் காவல்துறை, வலது தடத்தை விடாமல் செல்பவரையும் நிறுத்திக் கேட்க வேண்டும். அதற்கு முன்பாக, சுங்கம் வசூலிப்பவர்கள் இடது தடத்தின் பள்ளங்களைச் சரிசெய்து, அங்கு நிற்கும் லாரிகளை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.