தீர்மானம் இருக்கிறது, கன்டெய்னர் எண் எங்கே?

2023 அக்டோபர் 16 அன்று பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள் உலகத் தொழிலாளர்களிடம் கேட்டது தெளிவான ஒன்றை: இஸ்ரேலுக்கான ஆயுதத்தைச் செய்யாதீர்கள், ஏற்றாதீர்கள். 2024 பிப்ரவரியில் இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் அதற்குப் பதில் சொன்னது. 11 பெரிய துறைமுகங்களில் சுமார் 3,500 உறுப்பினர்களைக் கொண்ட சங்கம், பாலஸ்தீனர்மீது பாயப்போகும் ஆயுதச் சரக்கைத் தொடமாட்டோம் என்றது. பெருமையான அறிவிப்பு அது.

அதே ஆண்டு ஏப்ரலிலேயே சென்னையிலிருந்து மரியான் டானிகா என்ற டென்மார்க் கொடிக் கப்பல் கிட்டத்தட்ட 27 டன் வெடிபொருளுடன் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தை நோக்கிக் கிளம்பியது. மே மாதம் கார்த்தகேனா துறைமுகத்தில் அதற்கு இடம் தர மறுத்தது ஸ்பெயின் அரசு.

இதைச் சொல்வது சங்கத்தைக் குறைகூற அல்ல. கிரேன் ஓட்டுபவருக்குச் சீல் வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெடிபொருள் என்றால் கன்டெய்னரின் பக்கங்களில் ஆரஞ்சு நிறச் சாய்சதுரப் பலகை, அதில் 1 என்ற எண் இருக்க வேண்டும். சரக்கைச் சரிபார்க்கும் டேலி கிளர்க்கும் லாரி ஓட்டுநரும் அதைப் பார்க்க முடியும். ஆனால் ட்ரோன் பாகங்களுக்கோ துப்பாக்கி உதிரிகளுக்கோ அப்படி எந்த அடையாளமும் கிடையாது. காகிதத்தில் அது வெறும் உலோகப் பொருளாகவே போகலாம்.

பிரான்சின் ஃபோஸ் துறைமுகத்தில் 2025 ஜூனில் நடந்ததைக் கவனியுங்கள். இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டையைக் கோக்கும் உலோக இணைப்புகள், 19 பேலட் (சரக்கு அடுக்கும் பலகை), 14 டன். புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்த தகவல் கப்பல் ஏற்றும் முன்பே சிஜிடி சங்கத்தின் கைக்கு வந்தது. தொழிலாளர்கள் அந்த ஒரு கன்டெய்னரைத் தேடிப் பிடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ஹைஃபாவுக்கான மற்ற பெட்டிகளை நிறுத்தவில்லை. ஆதரவு இயக்கம் கற்க வேண்டியது இந்த நுணுக்கத்தைத்தான். கிரீஸில் பிரேயஸ் துறைமுகத் தொழிலாளர்கள் 2024 அக்டோபரில் தடுத்ததும் ஒரே கன்டெய்னர்தான்: வட மாசிடோனியாவிலிருந்து லாரியில் வந்த 21 டன் தோட்டா.

கப்பலையே தடுக்க நினைத்தால் கணக்கு வேறு. அமெரிக்காவில், சங்கப் போராட்டங்களுக்கு வரம்பு வைக்கும் 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், நிர்வாகத்துடனான ஒப்பந்தத்தில் உள்ள வேலைநிறுத்தத் தடை இரண்டும் சங்கத்தின் கையைக் கட்டிவிடும். அதனால் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் துறைமுகத்தில் ஊர்மக்கள் டெர்மினல் வாசலில் மறியல் செய்வார்கள். தொழிலாளர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த வரிசையைத் தாண்ட மறுப்பார்கள். அதைத் தாண்டுவது பாதுகாப்பா என்று நடுவர் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆள் வேண்டும், எல்லா வாசலிலும் வேண்டும். ஒரு வாசல் காலியாக இருந்தாலும் வேலை தொடங்கிவிடும். 2014 ஆகஸ்டில் இஸ்ரேலிய நிறுவனமான ஜிம்மின் ‘ஜிம் பிரேயஸ்’ கப்பல் நான்கு நாள் தடுக்கப்பட்டது. பிறகு கிளம்புவதுபோல் போய் வேறு பெர்த்துக்கு (கப்பல் கட்டும் இடத்துக்கு) திரும்ப, ஒரு பகுதிச் சரக்கு இறங்கியது. கப்பல் நகர்ந்ததும் கூட்டம் கலைவது எவ்வளவு பெரிய தவறு! கப்பலின் இருப்பிடத்தை இணையத்தில் பார்க்க ஓர் ஆள், கரையிலிருந்து கண்ணால் பார்க்க ஓர் ஆள், கடைசிவரை. 2021-இல் அதே நிறுவனத்தின் ஜிம் வோலன்ஸ் இரண்டு வாரத்துக்கு மேல் கடலிலேயே நின்று, பிறகு துறைமுகத்துக்கு வந்தும் சரக்கை இறக்காமல் போனதற்கு அந்தப் பொறுமைதான் காரணம் என்பேன்.

இத்தாலியில் 2025 அக்டோபர் 3 அன்று சிஜிஐஎல், யுஎஸ்பி சங்கங்கள் முன்னறிவிப்பே இல்லாமல் பொது வேலைநிறுத்தம் செய்தன. அது சட்டப்படி செல்லாது என்று அங்குள்ள ஆணையம் சொல்லியும் வீதிகள் நிரம்பின. அந்த பலம் ஒரே நாளில் வரவில்லை. ஜெனோவா துறைமுகத் தோழர்கள் 2019-லேயே சவூதிக் கப்பலான பஹ்ரி யான்புவில் ராணுவச் சரக்கு ஏற்ற மறுத்து, ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1990-ஆம் ஆண்டின் 185-ஆம் சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள்.

நம் நாட்டில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்புப்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரக்கு அதற்குள் கடல் தாண்டிவிடும். அதனால் பாதுகாப்பு உரிமைதான் நடைமுறையில் உதவும்: பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வேலையின் ஆபத்தைப் பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. ஆரஞ்சுப் பலகை கண்ணில் பட்டதும் சங்கம் எழுத்தில் கேட்கலாம்: சரக்கு என்ன, எந்த ஊருக்கு, அனுப்புபவர் யார்? ஒப்பந்தத் தொழிலாளியைத் தனியாகக் கேட்கவிடாதீர்கள். மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. கேள்வி சங்கத்தின் லெட்டர்ஹெட்டில்தான் போக வேண்டும்.

முந்த்ரா, காட்டுப்பள்ளி போன்ற தனியார் துறைமுகங்கள் அந்த 11-இல் வராதவை. அங்கே வழி இன்னும் கடினம். ஆனால் பெட்டி வாசலுக்கு வரும் முன்பே அதன் காகிதத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்: கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலக ஊழியர், கன்டெய்னர் யார்டு தொழிலாளி, டிரெய்லர் ஓட்டுநர். பாலஸ்தீன ஆதரவுக் கூட்டங்களுக்கு இவர்களை யார் அழைத்தார்கள்? அடுத்த வாயிற்கூட்டத்தைத் துறைமுக வாசலோடு நிறுத்தாமல் லாரி நிற்கும் யார்டிலும் போடுங்கள். சங்கத்தின் ஒரு தொலைபேசி எண்ணை, தகவல் சொல்பவர் பெயர் வெளியே வராது என்ற உறுதியுடன், துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுங்கள்.