நோன்புக் கஞ்சி வாங்கினா என்ன தப்பு?

வருஷா வருஷம் ரம்ஜான் மாசம் பக்கத்து பாய் வீட்டுல இருந்து தூக்குவாளில சூடா நோன்புக் கஞ்சி வந்துரும், பொங்கலுக்கு நாங்க சக்கரப் பொங்கல் குடுப்போம், இது எங்கம்மா காலத்துப் பழக்கம். இந்தத் தடவை மாடி வீட்டு மாமா என் பொண்ணு முன்னாடியே "இதெல்லாம் வாங்கிச் சாப்பிடலாமா"ன்னு கேக்குறாரு. பத்திக்கிட்டு வருதுங்க!

நாகூர் தர்காவுல 131 அடி பெரிய மினாராவைக் கட்டிக் குடுத்ததே தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங்தான், அதுக்காக அவரு தன் சாமிய விட்டுட்டாரா என்ன? வேளாங்கண்ணியில போய் பாருங்க, நெத்தியில குங்குமத்தோட எத்தனை பேர் மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாங்கன்னு.

நானும் தினம் வெளக்கேத்தி கும்புடுறவதான். புள்ள அன்னைக்கு அந்தக் கஞ்சியைத் தொடவே இல்ல, புதினா மேல ஆடை படிஞ்சு அப்படியே ஆறிப்போச்சு, அதுதான் எனக்குத் தாங்கல.