வைத்துப் பார்ப்பது ஊகம் அல்ல

சுடோகு என்னும் எண் புதிர் ஒன்றை நான் முடித்ததைப் பற்றிய நேற்றைய பதிவின் கீழ் நடந்த கேலியைப் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. "கடைசியில் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைப் போட்டுத்தானே முடித்தீர்கள்?" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் எண்ணை வைத்து, அது எங்கே போய் இடிக்கிறது என்று கடைசிவரை பின்தொடர்வது ஊகம் அல்ல.

நான் செய்தது இதுதான். நட்டநடுக் கட்டத்தில் 4 அல்லது 7 மட்டுமே வர முடியும் என்ற நிலை. அங்கே 4 என்று வைத்துக்கொண்டால், அதே வரிசையின் வலக்கோடியில் 4, 9 இரண்டுக்கும் இடம் தந்து நின்ற கட்டம் 9 ஆகிவிடும். அந்த 9, தன் நிரலில், அதாவது மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்களில், கீழே எட்டாம் வரிசையில் 2, 9 என்று இருந்த கட்டத்தை 2 ஆக்கும். அந்த 2, எட்டாம் வரிசையின் நடுவில் 2, 4 என்று இருந்த கட்டத்துக்கு 4-ஐத் தவிர வேறெதையும் விட்டுவைக்காது. அந்தக் கட்டமோ நான் தொடங்கிய கட்டம் இருக்கும் அதே நிரலில் இருக்கிறது. ஒரே நிரலில் இரண்டு 4, அது சுடோகுவில் கூடாது. ஆகவே நடுவில் வருவது 7. இதில் குருட்டாம்போக்கு எங்கே வந்தது? 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதைப் பள்ளியில் இப்படித்தான், மாறாக வைத்துக்கொண்டு அது இடிப்பதைக் காட்டி நிறுவினோம். அன்று வகுப்பில் யாரும் சிரித்ததாக நினைவில்லை.

இதையே 'எக்ஸ்ஒய் சங்கிலி' என்று பெயர் சொல்லிப் பதிவிட்டிருந்தால் அருமையான உத்தி என்று கைதட்டியிருப்பார்கள். பெயர் சொன்னால் தருக்கம், சொல்லாவிட்டால் ஊகம் போலும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைக் கேலி செய்த நண்பர், செவ்வகமாக நிற்கும் நான்கு கட்டங்களிலும் ஒரே இரண்டு எண்களுக்கு மட்டும் இடம் அமைந்தால் இரண்டு விடைகள் வந்துவிடும், எனவே அப்படி அமையாது என்ற உத்தியைத் தாராளமாகக் கையாள்பவர். புதிருக்கு ஒரே விடைதான் என்பதை அவர் நிறுவினாரா? புதிரை அமைத்தவரை நம்பினார், அவ்வளவுதான்.

"கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுமே" என்பார்கள். போடட்டும். பெரும்பாலான கணினிச் செயல்நிரல்கள் ஓர் எண்ணைப் போட்டு, இடித்தால் திரும்பி வந்து அடுத்ததைப் போட்டுத்தான் விடைக்குப் போகின்றன. அதை வியப்பவர்களுக்கு, நான் காரணத்தோடு செய்வது மட்டும் இளக்காரம். "தொடக்க எண்கள் குறைவாகத் தந்திருப்பார்கள், அதனால் திணறியிருப்பீர்கள்" என்று ஆறுதல் சொன்னவருக்கும் ஒரு சொல்: ஒரே விடை அமைய 17 எண்களாவது வேண்டும் என்று 2012-இல் கணிதவியலாளர் கேரி மெக்குவைர் குழுவினர் கணினியால் தேடி உறுதிசெய்தார்கள், அந்த 17 எண் புதிர்களில் மிக எளியவையும் ஏராளம். பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்காலா அதே ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிகக் கடினமானது என்று பேசப்பட்ட புதிரில் 21 எண்கள் இருந்தன. அங்கே வழக்கமான உத்திகள் சீக்கிரமே கைவிட்டுவிடும். பிறகு வைத்துப் பார்ப்பதும், அதற்குள்ளேயே இன்னொன்றை வைத்துப் பார்ப்பதும்தான் வழி. அதையும் ஊகம் என்றே சொல்வீர்களா?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் அக்கா. நான் ஓர் எண்ணை எழுதினால் உடனே "ஏன்?" என்பார். எண் சரியாகவே இருந்தாலும், காரணம் வராவிட்டால் அழிக்கச் சொல்லிவிடுவார். பென்சிலையும் வாங்கி வைத்துக்கொள்வார். அவரிடம் பாடம் கேட்ட ஒருவனைப் பார்த்துத்தான் குருட்டாம்போக்கு என்கிறீர்கள். பதிவில் இருந்த படத்தில் கட்டங்களின் மூலைகளில் தெரிந்த சின்னச் சின்ன எண்களை 'கிறுக்கல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் எது ஏன் வராது என்ற கணக்கு முழுவதும் அந்தக் கிறுக்கலில்தான் இருக்கிறது, ஐயா.

குருட்டாம்போக்கு என்ற அந்த வரிக்கு விருப்பக்குறி இட்டவர்களில் சிலர், முன்பு ஏதோ ஒரு கட்டத்தில் சிக்கி நின்றபோது, அடுத்து எதை வைப்பது என்று உள்பெட்டியில் என்னிடம் கேட்டவர்கள். எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நான் காரணத்தையும் படிப்படியாக எழுதி அனுப்பினேன். அதைப் படித்தார்களா, அல்லது கடைசி வரியில் இருந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்களா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.