முருங்கைக்கே அந்தக் கதி

தோண்டிய நிலத்தைச் சீர்செய்யச் சட்டம் வந்தும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரி தோண்டிய இடத்தில் காடு ஏன் திரும்பவில்லை என்று உங்கள் கட்டுரை கேட்கிறது. விதையும் கன்றும் சரி, மண்ணை யார் பார்த்தது? 1977இல் வந்த அந்தச் சட்டம் மலையைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரவும் மண் அரிக்காமல் பார்க்கவும் சொன்னது. சுரங்கக் கம்பெனிகள் புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி மண்ணை இறுக்கிவிட்டு, வேகமாகப் பிடிக்கும் ஃபெஸ்கியூ புல்லைத் தூவின. பார்க்கப் பச்சைதான். அதில் ஓக் கன்று வைத்தால் வேர் எங்கே இறங்கும்?

எங்கள் வீடு கட்டியபோது செங்கல் லாரி நின்ற மூலையில் அப்புறம் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றினேன். குழியில் மழைத் தண்ணீர் மூன்று நாள் வடியவில்லை, கொம்பு அழுகிவிட்டது. முருங்கைக்கே அந்தக் கதி!

இப்போது அப்பலாச்சிய மலைகளில் மேல் 4 அடி மண்ணை இறுக்காமல் கொட்டச் சொல்கிறார்கள். பழைய இடங்களில் டோசருக்குப் பின்னால் நீளமான இரும்புக் கொழு மாட்டிக் கிழித்துவிட்டு, வெள்ளை ஓக் போன்ற உள்ளூர் மரங்களை நடுகிறார்கள். நோயில் அழிந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தின் கலப்பு ரகத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள். கிழித்த நிலம் கட்டியும் கல்லுமாக அலங்கோலமாகத்தான் இருக்கும். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் சரிவு மழமழவென்று இருக்கிறதே, அது கிழிப்பதற்கு முன் எடுத்ததா?