முதலில் மனிதர்கள், பிறகுதான் செயலி

பெங்களூர் கோரமங்களாவில், இணையத்தில் பொருள்களை வெளியிடுவது பற்றிப் போன சனிக்கிழமை நடந்த கூட்டத்தின் 40 நொடிக் காணொளியை உங்களில் பலர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். அதில் "முதலில் ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று நான் சொல்கிறேன், "அப்போ செயலியை எப்போ மேடம் விடுவீங்க?" என்று நெறியாளர் கேட்கிறார், அரங்கம் சிரிக்கிறது. அதன் பிறகு நான் சொன்ன பதில் வெட்டப்பட்டிருக்கிறது. சிரித்தவர்கள் யாரும் அந்தப் பதிலைத் தேடவில்லை என்பதுதான் வலிக்கிறது. ஆகவே அதை இங்கே எழுதுகிறேன்: இணையத்தில் ஒரு பொருளை வெளியிடுவதற்கு முன்பே அதற்குரிய மனிதர்கள் சேர்ந்திருக்க வேண்டும். வெளியிட்டபின் சேர்த்துக்கொள்ளலாம் என்பதைப் பட்டபின் நான் ஏற்க மாட்டேன்.

2019-இல், பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தைகள் தமிழ் வாசிக்கப் பழகுவதற்காக ஒரு செயலியை வெளியிட்டேன். ஒன்பது மாத உழைப்பு, வளையல்களை அடகு வைத்த பணம், 247 எழுத்துகளுக்கும் படம், ஒலி என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஒரே ஒரு தாயிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் மாதத்தில் அதை இறக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் என் சொந்தக்காரர்கள். சேலத்தில் இருக்கும் தம்பி எனக்காகத் தன் இரண்டு போன்களிலும் இறக்கினான். இரண்டாம் மாதம் அவர்களும் திறக்கவில்லை.

2021-இல் தொம்மலூரில் எங்கள் குடியிருப்பின் 14 தாய்மார்களுடன் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். விற்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகளைக் கூட்டி வாசிப்போம், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 'தேன்' என்ற சொல்லின் முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பின் மேல் விரலை வைத்து, "இதை முதல்ல படிக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டான். அவன் பள்ளியில் கன்னடம் படிப்பவன். கன்னடத்தில் உயிர்க்குறி எழுத்தின் மேலேயோ கீழேயோ வலப்பக்கமோ ஒட்டும். முன்னால் வந்து நிற்காது. நம் கொம்போ எழுதும்போது முன்னால் நின்று, சொல்லும்போது பின்னால் ஒலிக்கிறது. பெங்களூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் ஒன்பது மாத உழைப்பில் தெரியவில்லை, அந்த ஒரு விரல் காட்டிக்கொடுத்தது. அதற்கடுத்த வாரங்களில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் தாய்மார்களில் பாதிப்பேர் இங்கேயே படித்தவர்கள். அவர்களுக்கே தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட ஒரு குரல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தர்மபுரியில் இருக்கும் ஒருவரின் அம்மா கதைகளைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. நான் பொறுப்பாக அதை நீக்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் விசிலோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்றைய செயலியில் கொம்புப் பாடமும் இருக்கிறது, பாட்டியின் குரலும் இருக்கிறது, விசிலும் இருக்கிறது. இவற்றில் எதையும் நான் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

"நல்ல பொருளாக இருந்தால் கூட்டம் தானாக வரும்" என்று மேடையில் ஒருவர் சொன்னார். கூகுளிடம் இல்லாத பொறியாளர்களா, இல்லாத பணமா? 2011-இல் வந்த அதன் சமூக வலைத்தளம் கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ 1991 ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் பயனர்களாக ஏற்கெனவே கூடியிருந்தவர்களிடம் போய், அதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்டார். லினக்ஸின் முதல் பதிப்பு அடுத்த மாதம்தான் வந்தது. கோப்புகளை இணையத்தில் சேமிக்க உதவும் ட்ராப்பாக்ஸ் 2008-இல் ஒரு காணொளியை வெளியிட்டு, ஒரே இரவில் தன் காத்திருப்புப் பட்டியலை 5,000 பேரிலிருந்து 75,000 பேராக உயர்த்தியதை எனக்கு எதிராகக் காட்டுகிறார்கள். அந்த ட்ராப்பாக்ஸ் காணொளி, செய்திகளைப் பகிரும் டிக் (Digg) என்ற தளத்தில் நெடுநாள் புழங்கியவர்களுக்கு மட்டுமே புரியும் குறிப்புகளை வைத்து எடுக்கப்பட்டது. மனிதர்கள் முன்பே அங்கே இருந்தார்கள், அவர்களை அறிந்த ஒருவர் அவர்களிடம் பேசினார். நம் வீட்டிலேயே 1998 பொங்கலில் தொடங்கிய, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் இருக்கிறது. ஒருவரையொருவர் நேரில் பார்க்காத தமிழர்கள், பல நாடுகளில் தத்தம் வீடுகளில் உட்கார்ந்து, ஒரு காசு வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். அங்கே கூடியவர்களே பொருளையும் செய்தார்கள்; அவர்கள் இல்லாமல் வெளியிட எதுவும் இருந்திருக்காது.

கையில் இருக்கும் பணம் அதுவரை தாங்காதே என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. கடன் வாங்கித் தொழில் தொடங்கியவரை இரண்டு வருடம் பொறுத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் என் வளையல்கள் போனது பொறுத்திருந்ததால் அல்ல, அவசரப்பட்டதால்.

இன்னொரு கருத்துதான் இரண்டு இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் பெண்களின் வாட்ஸ்அப் அரட்டையைத் தொழில் அனுபவம் என்கிறார்" என்று அந்தக் காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் 14 பேரில் ஒருவர் இரவுப்பணி முடித்து வந்த செவிலியர். கண் எரிய உட்கார்ந்து, தன் மகள் எந்தெந்தச் சொல்லில் நின்றாள் என்று நோட்டில் குறித்து எனக்குப் படம் எடுத்து அனுப்பியவர். மேடையில் பேசியவர்கள் இதே வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் அதற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் பெண்கள் சம்பளம் இல்லாமல் செய்ததால் அது அரட்டை ஆகிவிட்டது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். அவர்களைச் சொன்னதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அன்று அரங்கத்தில் இருந்த ஒருவர் திங்கட்கிழமை தனிச்செய்தி அனுப்பினார். குழு இப்போது 600 பேரைத் தாண்டிவிட்டதே, அவர்களின் தொலைபேசி எண்களைக் கொடுத்தால் நல்ல விலை தருகிறோம், அடுத்த மாதம் நாங்கள் வெளியிடும் பொருளுக்கு உதவும் என்றார். சனிக்கிழமை சிரித்தவர்களுக்குத் திங்கட்கிழமை அதே மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். அதுவும் பழகிச் சேர்க்க அல்ல, விலைக்கு வாங்க. என் மேல் நம்பிக்கை வைத்துத் தந்த எண்கள் அவை. தர மாட்டேன் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டு, அந்தச் செய்தியை அப்படியே குழுவிலும் போட்டுவிட்டேன். முதலில் பதில் எழுதியவர் அந்தச் செவிலியர்: "சரி அக்கா. இந்த ஞாயிறு யார் வீட்டு மொட்டை மாடி?"