டாங்கியை அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம்

'மலிவான ட்ரோன் வந்துவிட்டது, இனி டாங்கி பழைய இரும்புக்குத்தான்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதே பேச்சு 1973 அக்டோபர் போரிலும் எழுந்தது. சூயஸ் கால்வாயைக் கடந்த எகிப்தியக் காலாட்படை, ஆளே தூக்கிச் செல்லக்கூடிய 'சாகர்' என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளால் இஸ்ரேலிய டாங்கிகளைப் பதம் பார்த்தது. காலாட்படையும் பீரங்கியும் துணைக்கு வராமல் டாங்கிகள் தனியாகப் பாய்ந்ததுதான் அங்கே வினையானது. அப்புறம் 1991-இல் குவைத்தில் என்ன நடந்தது? டாங்கிகள் முன்னே செல்ல, தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது.

2022-இல் உக்ரைன் தலைநகர் கீவ் நோக்கிப் போன ரஷ்ய வாகன வரிசை 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு சாலையிலேயே முடங்கியதே, அதற்கும் ட்ரோன் மட்டும் காரணமில்லை. எரிபொருள் தட்டுப்பாடு, சேறு, பதுங்கித் தாக்குதல் எல்லாம் சேர்ந்துதான் காலை வாரிவிட்டன.

ட்ரோனுக்கும் மாற்று வந்துகொண்டேதான் இருக்கிறது. ட்ரோனை இயக்கும் ரேடியோ அலையை ஜாமர் கருவி முடக்கியதும், மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. கட்டளை அந்த இழை வழியே போவதால் இவற்றிடம் ஜாமர் பலிக்காது. உடனே சாலைக்கு மேலே பந்தல் போல வலை கட்டினார்கள், அதுவும் சில இடங்களில் பழைய மீன்பிடி வலை!

சரி, அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது, ஆனால் முன்வரிசையைவிட அதற்குப் பின்னால்தான் அதிகம். குண்டும் தண்ணீரும் கொண்டுபோகும் லாரி, காயம்பட்டவரை ஏற்றிவரும் வண்டி இரண்டும் முன்வரிசைக்குப் பல கிலோமீட்டர் தள்ளியே ட்ரோன்களால் வேட்டையாடப்படுகின்றன. கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.